ஆமை அக்கா கார்

போன வருடத்துக்கு முந்தின வருடம், தை மாதம். காரைக்குடியில் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்திருந்தேன். முப்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவள், அதனால்தான் வேகம் வரவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது உண்மையில்லை. எங்கள் பக்கத்துச் சாலையில் ஆடு குறுக்கே வரும், மயில் வரும், நடுரோட்டில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு நம்மையே முறைப்பார்கள். இதில் பறந்து போய் எதைச் சாதிக்கப் போகிறோம்? நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

டாக்ஸி ஸ்டாண்டில் எனக்கு 'ஆமை' என்று பெயர் விழுந்துவிட்டது. "ஆமை வந்துருச்சுப்பா, ஓரங்கட்டுங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டம் டம்மென்று போடுவேன்.

சவாரியும் சரியாக வரவில்லை. "ஆடி வரைக்கும் பாப்போம், அப்புறம் வண்டிய வித்துருவோம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிட்டு மறுபடி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துப்போட எனக்கு மனசே இல்லை.

அதனால் ஆன்லைனில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அதில்தானே வண்டி தேடுகிறார்கள்? என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. குலசாமி பெயர்தான். எங்கள் பக்கம் பிள்ளைக்கும் அந்தப் பெயர், பேக்கரிக்கும் அந்தப் பெயர், செங்கல் சூளைக்கும் அந்தப் பெயர். தேடினால் என் வண்டியைத் தவிர மற்ற எல்லாம் வந்தது.

ஒருநாள் தேவகோட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு டிரைவர் போன் செய்தார். அவருடைய பக்கத்துக்கும் அதே சாமி பெயர்.

"எக்கா, பதனமா, மெதுவா ஓட்டுனீக, பெரியவுகளுக்கு அலுப்பே தெரியலன்னு என் பக்கத்துல யாரோ என்னையப் புகழ்ந்து எழுதிருக்காக. நான் ஆயுசுல மெதுவா ஓட்டுனதில்ல. பொம்பள டிரைவர்னு வேற போட்டுருக்காக. அது நீங்கதானே?"

நான் கானாடுகாத்தான் கூட்டிப்போன குடும்பம்தான் அது. பாராட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்து அவருக்குப் புதுச் சவாரிகூட வந்திருந்ததாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நல்ல மனிதர், சொல்லாமலே இருந்திருக்கலாம். யோசித்துப் பார்த்தேன். என் பெயர் அவர்களுக்கு நினைவில்லை, வண்டியின் பெயரும் குழம்பிவிட்டது. மெதுவாக ஓட்டினேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

அன்றைக்கே பக்கத்தின் பெயரை 'ஆமை அக்கா கார்' என்று மாற்றினேன். காரின் பின்கண்ணாடியிலும் அதே பெயரை எழுதி, பெரிய ஆமைப் படம் ஒன்றை ஒட்டினேன்.

வீட்டில் பூகம்பம்தான். ஆமை நுழைந்தால் குடும்பம் விளங்காது என்று நம்புகிற ஆட்கள் நாங்கள். "சாமி பேர எடுத்துட்டு ஆமையக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துறியே, புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்று வீட்டுக்காரர் குதித்தார். "ஸ்டாண்டே கூடிக் கூப்புடுறப்ப விளங்குன குடும்பம், நானே போட்டுக்கிட்டா விளங்காமப் போயிருமாக்கும்?" என்றேன்.

வைகாசியில் இளையாத்தங்குடி பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வளைகாப்பு முடிந்து சிவகங்கையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போக வேண்டுமாம். சொன்ன நேரத்துக்குப் போய் நின்றேன். கை நிறைய வளையலோடு அவள் வெளியே வர, சொந்தபந்தமெல்லாம் வாசலில் கூடியிருந்தது. காரைப் பார்த்ததும் அவளுடைய மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்தா இது? புள்ளத்தாச்சிய ஆமைப்படம் போட்ட வண்டியிலயா ஏத்துவாக? வேற வண்டி சொல்லுங்கப்பா."

நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். ஒருவர் போனை எடுத்தே விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பேர் முன்னால் திருப்பி அனுப்பினால் விஷயம் ஊர் முழுக்கப் பரவும், அதோடு கார் போய்விடும். பேசாமல் சாமி பெயரையே விட்டு வைத்திருக்கலாமோ என்று அந்த நிமிடம் தோன்றியது.

அந்தப் பெண் அசரவில்லை. "அத்தை, போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப வேற வண்டிக்காரவுக என்னையத் தூக்கித் தூக்கிப் போட்டாகளே, மறந்துட்டீகளா? நான் இவுகளத் தேடிப்புடிச்சதே இந்தப் பேரப் பாத்துத்தான். மெதுவாத்தான் போவேன்னு தைரியமா எழுதி ஒட்டிருக்கவுக வேற யாரு இருக்கா?" என்றவள், தானே கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அழைத்துப்போக வந்திருந்த அவளுடைய அம்மாவும் பக்கத்தில் ஏறினார்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமியார் கூடவே போகிற வழக்கம் கிடையாது. ஆனால் அவர் முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, "நானும் வாரேன். ஓட்டு, பாப்போம்" என்றார்.

ஓட்டினேன் பாருங்கள்! ஒரு பள்ளத்தில்கூட வண்டியைக் குலுங்க விடவில்லை. லாரிக்காரர்கள் ஹாரனை அலறவிட்டு, திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாதி வழியில் அந்தப் பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். மாமியார் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சிவகங்கையில் இறங்கியதும் என் ஜன்னல் பக்கம் வந்தார். "பேரப்பிள்ளையக் கூட்டியாரதுக்கும் நீதான்த்தா வரணும். அன்னைக்கு அங்குட்டு இங்குட்டுச் சவாரி ஒத்துக்கிறாத."

திரும்பி வரும்போது காலி வண்டியில் தனியாகச் சிரித்தேன். சத்தமாகப் பாடக்கூடச் செய்தேன்.

வளையல் போட்ட கையை கார் ஜன்னல் வழியாக அசைக்கிற சின்ன வீடியோவை எடுத்து, அந்தப் பெண் என் பக்கத்தில் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. வளைகாப்பு, கண் ஆபரேஷன், மூட்டுவலி, முதுகுவலி, கைக்குழந்தை என்று எல்லோருக்கும் ஆமை அக்கா வேண்டும். ஆடி வந்தது, போனது, வண்டியை விற்பது பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போனை எடுத்து, "ஆமை அக்கா கார், சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரர்தான் இப்போது பேசுகிறார்.

என்னை மட்டம் தட்டுவதற்கு வைத்த பெயரை நானே எடுத்து உரக்கச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு முகம் தெரியாதவர்கள்கூட அந்தப் பெயரை நம்பித் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று நினைக்கும்போது, நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.