இருபத்தைந்து ஆம்பியர் என்று எழுதியிருந்தது

தேனியில் எங்கள் எலக்ட்ரிக்கல் கடையின் முன்பக்கம் என் கணவருடையது. ஃபேன், லைட், வயர், சுவிட்ச் எல்லாம் அங்கே. பின்பக்கக் கண்ணாடி அலமாரி என்னுடையது. கான்டாக்டர், டைமர், டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிற சாமான்கள் அதில் இருக்கும். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு அல்லிநகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். முதலில் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "சார் இல்லையாம்மா?" என்பார்கள். மூன்று நான்கு வருடத்தில் அந்தக் கேள்வி நின்றுபோனது. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்த சமயத்தில்தான் இது நடந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒருவர் சொட்டுநீர்க் குழாய் தயாரிக்கும் சின்னக் கம்பெனி வைத்திருந்தார். திராட்சைத் தோட்டக்காரர். தன் தோட்டத்துக்குக் குழாய் வாங்கி வாங்கி அலுத்துப்போய், தானே மிஷின் வாங்கிப் போட்டவர். பிளாஸ்டிக் குருணையை உருக்கிக் குழாயாகத் தள்ளுகிற மிஷின் அது. அதன் நீண்ட உருளையைச் சுற்றி நான்கு இடங்களில் ஹீட்டர் பட்டைகள். சூடு குறையும்போது ஹீட்டரைப் போட்டு, கூடும்போது நிறுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கான்டாக்டர் இருந்தது. காந்தம் இழுத்ததும் 'டக்'கென்று ஒட்டுகிற பெரிய சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒட்டிப் பிரிந்து கொண்டிருந்தால் எந்த முனைதான் தாங்கும்? அவர் அடிக்கடி வந்து நிற்பார்.

"தங்கச்சி, இந்தத் தடவையும் முனை கருகிப் போச்சு. வேற நல்ல சரக்கு ஒண்ணும் இல்லையா?"

சாலிட் ஸ்டேட் ரிலே இருக்கிறது என்று சொன்னேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. உள்ளே அசைகிற பாகமே கிடையாது. தேய ஒன்றும் இல்லை. அதுவரை நான் அதை விற்றதில்லை. மதுரையிலிருந்து வந்த கேட்டலாக்கில் படித்ததோடு சரி. கணக்குப் போட்டேன். ஒவ்வொரு ஹீட்டரும் பதினெட்டு ஆம்பியர் இழுக்கும். ரிலேயின் மேல் இருபத்தைந்து ஆம்பியர் என்று எழுதியிருந்தது. ஏழு ஆம்பியர் மிச்சம் இருக்கிறதே, போதும் என்று தீர்மானித்தேன். ஹீட்டருக்கு ஏற்ற வகைதானா, சூட்டை அளந்து கன்ட்ரோலர் கொடுக்கிற சிக்னலுக்குப் பொருந்துமா என்றெல்லாம் கவனமாகவே பார்த்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

மாட்டப் போனது என் கணவர். நானும் கூடப் போனேன். கான்டாக்டர்களைக் கழற்றிவிட்டு, பேனல் பெட்டிக்குள் அவை இருந்த அதே ஹைலம் என்கிற கெட்டிப் பழுப்பு அட்டையில் நான்கு ரிலேக்களையும் வரிசையாகத் திருகினார். மிஷினை ஓட்டுகிறவர் ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். முன்பு அதே முதலாளியின் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தவர். மிஷின் வந்த நாளிலிருந்து அதன் பக்கத்திலேயே நிற்கிறார். சூடு ஏறட்டும் என்று மிஷினைப் போட்டதும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"ஏந்தாயி, ஓடுதா ஓடலையா? டக்கு டக்குன்னு கேக்குமே."

"இது சத்தம் போடாதுக்கா. இந்தச் சின்னச் சிவப்பு லைட்டைப் பாருங்க. எரிஞ்சா ஹீட்டர் ஓடுது. அணைஞ்சா ஹீட்டர் நின்னுருச்சு. அம்புட்டுத்தான்."

அவர் நான்கு லைட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் கடைக்குப் போன் வந்தது. முதலாளிதான்.

"தங்கச்சி, மிஷின் எரிஞ்சு போகப் பாத்துச்சு. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

குரலில் கோபம் இல்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியில் கிளம்பினோம். சின்னமனூர் தாண்டியதும் அவர் சொன்னார்: "நீ சொன்னதைத்தானே மாட்டுனேன்." அவர் சொன்னது உண்மை.

ஷெட்டுக்குள் கருகிய பிளாஸ்டிக் நெடி. அந்த அக்கா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தாயி. உருகுன பிளாஸ்டிக் சொட்டு தெறிச்சிருச்சு. மூணாவது ஹீட்டரு சூடு ஏறிக்கிட்டே போச்சு. நூத்தித் தொண்ணூறு, இருநூறுன்னு. நீ சொன்ன லைட்டைப் பாத்தேன், அணைஞ்சுதான் கெடந்துச்சு. லைட்டு அணைஞ்சிருக்கே, தன்னால எறங்கிரும்னு நின்னேன். எறங்கல. நெடி வந்துச்சு பாரு, ஓடிப்போய் மெயினை இழுத்துட்டேன்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த லைட், கன்ட்ரோலர் கொடுக்கிற உத்தரவை மட்டும்தான் காட்டும். உத்தரவுக்கு ரிலே கீழ்ப்படிந்ததா என்று அதற்குத் தெரியாது. மூன்றாவது ரிலே உள்ளே உருகி ஒட்டிப்போயிருந்தது. ஹீட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. லைட்டை நம்பச் சொன்னவள் நான். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் மெயினை இழுத்திருப்பார்.

ரிலேக்கள் இருந்த பேனல் பெட்டியைத் திறக்கப் போனேன். அதன் தலையில் ஐந்து தூக்குச்சட்டிகள் வரிசையாக இருந்தன.

"இது எதுக்குக்கா இங்கன?"

"மத்தியானச் சோறு. மேல வச்சா சூடா இருக்கும். இந்தப் புதுசு மாட்டுனதுக்கப்புறம் இன்னும் நல்லாச் சுடுது."

பெட்டியின் கதவில் கை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன்.

தேனிக்குத் திரும்பியதும் நேராக ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த ரிலேயின் முழு விவரத்தாளையும் தேடி எடுத்தேன். பக்கம் பக்கமாகப் பிரிண்ட் வந்துகொண்டிருந்தது. நாலாவது பக்கத்தில், எவ்வளவு சூட்டில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று ஒரு கோட்டுப்படம். சுற்றுப்புறச் சூடு நாற்பது டிகிரி வரைக்கும்தான் கோடு நேராகப் போனது. அதற்கப்புறம் சரிந்துகொண்டே இறங்கியது. அதுவும் ரிலேயின் சூட்டை இழுத்து வெளியே விடுகிற அலுமினியத் தகட்டில் உட்காரவைத்தால்தான். தகடு இல்லாமல் மாட்டினால் அந்த ரிலே ஐந்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. இருபத்தைந்து என்று நெற்றியில் எழுதியிருந்த சாமான். நாங்களோ அதைச் சூட்டை ஒரு இம்மியும் கடத்தாத ஹைலம் அட்டையில் திருகி, கதவைச் சாத்தி, மேலே சோற்றையும் ஏற்றி வைத்திருந்தோம். மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

என் கணவரிடம் தாளைக் காட்டினேன். "உங்க மேல தப்பில்ல. தகடு போடணும்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நானும்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இம்புட்டுச் சுடுதேன்னு" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். முதலாளி முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்.

"எனக்கு இது வேணாம் தங்கச்சி. பழைய கான்டாக்டரையே மாட்டிருங்க. அது கருகுனாலும் அதோட போச்சு."

நான் விவரத்தாளைக் காட்டி விளக்கினேன். நாற்பது ஆம்பியர் ரிலே போடலாம், ஒவ்வொன்றுக்கும் மடிப்பு மடிப்பாக இருக்கிற அலுமினியத் தகடு கொடுக்கலாம், பெட்டியை மிஷினிலிருந்து தள்ளி வைத்து ஒரு ஃபேனும் போடலாம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் மனம் இறங்கவில்லை. கடைசியில் அந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"பக்கத்துல நிக்கிறவ நீதான். நீ சொல்லு, எதை மாட்டலாம்?"

அக்கா துணி சுற்றிய கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, போன வருசம் டக்கு டக்குன்னு அடிக்கிறதும் ஒருக்க பிரியாம ஒட்டிக்கிட்டுச்சே, மறந்துட்டீகளா? எதை மாட்டுனாலும் ஒரு நாளைக்கு ஒட்டத்தான் செய்யும். ஒட்டுனா நான் ஓடிப்போய் இழுக்கிறேன்ல? அந்த இழுக்கிற வேலையைச் செய்ய ஒரு மிஷினை வைக்கச் சொல்லுங்க."

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் யோசித்திருக்க வேண்டியது அது. ரிலே கெட்டால் கரண்டைத் துண்டிக்காது, பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும் என்று விவரத்தாளிலேயே இருந்தது. அதைப் படித்தும், இன்னும் பெரிய ரிலே போட்டால் கெடாது என்கிற திசையிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முடிவானது. தினசரி வேலைக்கு நான்கு ரிலே. அவற்றுக்கு முன்னால் பொதுவாக ஒரு பெரிய கான்டாக்டர். எந்த இடத்திலாவது சூடு எல்லை தாண்டினால், தனியாக ஒரு கன்ட்ரோலர் அந்தக் கான்டாக்டரைப் பிரித்து மணி அடிக்கும். என் கணவர் தகடுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, காற்று கீழிருந்து மேலே போக வழி விட்டு, ரிலேக்கு அடியில் சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசை தடவித் திருகினார். வேலை முடிந்ததும் எல்லையை வேண்டுமென்றே குறைத்து வைத்துச் சோதித்தோம். மணி அடித்தது. கான்டாக்டர் பிரிந்தது. அக்கா அதை இன்னும் இரண்டு தடவை செய்துகாட்டச் சொன்னார். மூன்றாவது தடவைதான் நம்பினார்.

"சரி, சோத்தை எங்கன வைக்கிறது?"

முதலாளி சிரித்துவிட்டார். குழாய் வெளிவருகிற முனைக்கு மேலே ஒரு இரும்புப் பலகை அடித்துக் கொடுத்தார்.

அந்த ரிலேக்கள் நான் கடையில் இருந்த காலம் வரை ஓடின. முதலாளி இரண்டாவது மிஷின் வாங்கியபோது அதற்கும் எங்களிடமே கேட்டார். அதற்கப்புறம் என் அலமாரியிலிருந்து ஒரு ரிலேயை எடுத்துக் கொடுக்கும் முன் நான் நிறையக் கேட்பேன். எந்த லோடு, ஹீட்டரா மோட்டாரா, எத்தனை ஆம்பியர், எதில் மாட்டப் போகிறீர்கள், அந்த இடம் எவ்வளவு சுடும், கெட்டுப்போனால் யார் நிறுத்துவார்கள். சிலருக்கு எரிச்சல் வரும். வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

ஒரு தடவை கடமலைக்குண்டிலிருந்து செக்கு மோட்டார் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். கான்டாக்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்தச் சத்தம் போடாத ரிலே வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். குழாய்க் கம்பெனியில் பார்த்தாராம், பிரமாதமாக ஓடுகிறதாம்.

"ஒரு நாளைக்கு மோட்டாரை எத்தனை தடவை போட்டு அணைப்பீக?"

"காலையில போட்டா மத்தியானம் அணைப்பேன். அப்புறம் சாயங்காலம் ஒருக்க."

"அப்ப உங்க கான்டாக்டர் தேய வருசக்கணக்காகும். மோட்டார் கெளம்புறப்ப ஆறு மடங்கு இழுக்கும். அதைத் தாங்குற ரிலே பெருசா வேணும், தகடு வேணும், ஃபேன் வேணும். எதுக்கு அம்புட்டு?"

"கம்பெனியில அதைத்தானம்மா மாட்டியிருக்காக?"

"அவுக சூடேத்துறதுக்கு மாட்டியிருக்காகண்ணே. நீங்க சுத்தவிடுறதுக்குக் கேக்குறீக."

அவர் பழைய கான்டாக்டரை மேசை மேல் வைத்து முனைகளைக் காட்டினார். லேசாகக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். காந்தத்தை இழுக்கவைக்கிற கம்பிச் சுருள், காயில், மட்டும் எரிந்துபோயிருந்தது. அதே அளவில் ஒரு காயிலை எடுத்துக் கொடுத்தேன். தன் ஊர் வழியாகப் போகிற வருசநாட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துபோனார்.