பிட்சர்களுக்கான அரைமணி நேரம்

பேஸ்பால் போல மட்டையும் பந்துமாக ஆடும் சாஃப்ட்பாலுக்கு எங்கள் பள்ளியில் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி தொடங்கும். ஆனால் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள், மூன்றரைக்கே திடலில் நிற்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். இரண்டு வருடமாக அந்த அரைமணி நேரம் எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. வேறு பிட்சர் கிடையாது. என் தோழி பந்தைப் பிடிக்கும் கேட்சராக எதிரே குந்தியிருப்பாள், அவள் முதுகுக்குப் பின்னால் டீச்சர் வைக்கோல் தொப்பியோடு நிற்பார், நான் வீசுவேன். கணக்குப் பாடத்தில் என்னை ஏறெடுத்தும் பார்க்காத டீச்சர் அந்த நேரத்தில் என் மணிக்கட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுவில் பிறந்தவள் நான். ஒருவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அங்கேதான் கிடைத்தது.

நான்காம் படிவம், அதாவது பத்தாம் வகுப்பு, தொடங்கிய ஜனவரியில் அவள் பள்ளிக்குப் புதிதாக வந்து சேர்ந்தாள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. அப்போது எங்கள் தீவுக்குப் பாலம் இல்லை. இருட்டோடு எழுந்து பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து ஃபெரி படகு, இறங்கி இன்னொரு பஸ் என்று வருவாள். உயரமான பெண். பள்ளிச் சீருடையின் கைப்பகுதி அவளுக்கு எட்டாமல் நிற்கும். சாஃப்ட்பால் ஆடியிருக்கிறாயா என்று டீச்சர் கேட்டதற்கு, அக்காவோடு ஆடியிருக்கிறேன் என்றாளாம். அவள் அக்கா பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அங்கே பெண்களுக்கென்று ஒரு குழு இருந்தது.

முதல் நாள் டீச்சர் அவளிடம் பந்தைக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த வீச்சு ஒன்றுதான். கையை ஊஞ்சல் மாதிரி நேரே பின்னால் கொண்டுபோய் அப்படியே முன்னால் கொண்டுவந்து இடுப்பருகே விடுவது. டீச்சருக்கும் அதுதான் தெரியும். அவளோ கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு முழு வட்டம் சுழற்றி வீசினாள். பந்து போனதை நான் பார்க்கவில்லை. கேட்சரின் கையுறையில் அது விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன். கட்டையால் அடித்தது போன்ற சத்தம். என் பந்து இரண்டு வருடத்தில் ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

டீச்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை என்றார்.

அன்று பஸ்ஸில் ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீடுகளுக்குத் திரும்பும்போது என் தோழி, அவள்தான் கேட்சர், உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சிவந்து போயிருந்தது. மருதாணி வைத்த கையைக் காட்டுவது போல அடுத்த இருக்கைப் பெண்களுக்கும் காட்டினாள். நாளையிலிருந்து கையுறைக்குள் பஞ்சு வைக்கப்போவதாகச் சொன்னாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த சீனப் பெண் அவள். தொடக்கப் பள்ளியிலிருந்தே நாங்கள் சேர்ந்துதான் போவோம் வருவோம். என் பந்துக்குப் பஞ்சு தேவைப்படவில்லை என்பதை அவள் யோசித்தே பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச்சில் மாவட்டப் போட்டி. அதுவரைக்குமான பயிற்சித் திட்டத்தை டீச்சர் எழுதி விளையாட்டுச் சாமான் அறைக் கதவில் ஒட்டினார். பிட்சர்கள் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வீசக்கூடாது. முதலில் முழங்காலில் நின்று மணிக்கட்டால் மட்டும் சுண்டி எறிவது, பிறகு பக்கவாட்டில் நின்று பாதி தூரத்திலிருந்து, பிறகுதான் முழு தூரம். கையை உழைக்கவிட்ட மறுநாள் கைக்கு ஓய்வு, காலுக்கு ஓட்டம். அதனால் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். அவள் வீசும் நாளில் நான் ஓட வேண்டும், நான் வீசும் நாளில் அவள் ஓட வேண்டும்.

திட்டம் நியாயமானது. ஆனால் அவள் வீசும் நாளில் திடலைச் சுற்றி ஓடுவது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் அந்தச் சத்தம் முதுகில் வந்து விழும். டீச்சர் அவளுக்கு அருகே போய் நின்று, அவள் கை எப்படிச் சுற்றுகிறது என்று பார்ப்பார். சில நேரம் அவரே வெறும் கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ கேட்பார். என்னிடம் டீச்சர் எதையும் கேட்டதில்லை. சொல்லத்தான் செய்வார்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. பள்ளி ஒரு மணிக்கு முடியும். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மறுபடி பஸ் ஏறி வருவேன். பிறைக்குப் போய்த் திரும்ப அவளுக்கு நேரம் போதாது. அதனால் பள்ளியிலேயே தங்கிவிடுவாள். நான் மூன்றரைக்கு வரும்போது அவள் ஏற்கெனவே திடலோரம் டீச்சரோடு பேசிக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியாத எத்தனை பேச்சு அங்கே நடந்து முடிந்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரியும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அம்மாவிடம், படிக்க வேண்டியிருக்கிறது, நானும் பள்ளியிலேயே தங்குகிறேன், சோறு கட்டிக் கொடுங்கள் என்றேன்.

அப்படித்தான் நானும் அவளும் மாடிப்படிக்குக் கீழே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தது. அவள் டப்பாவில் பெரும்பாலும் சோறும், மிளகாய் அரைத்த சம்பலில் புரட்டிய நெத்திலியும் இருக்கும். கேட்காமலே பாதி நெத்திலியை என் பக்கம் தள்ளுவாள். நான் அம்மாவின் தேங்காய்ப்பால் சொதியைக் கொடுப்பேன். டீச்சர் அந்த நேரத்தில் ஆசிரியர் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பார், மூன்றரை நெருங்கும் வரை வெளியே வரவே மாட்டார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்படியும் நான் வீட்டுக்குப் போகவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பக்கத்துப் பட்டறையின் சுவர் அங்கே நீளமாக ஓடும். ஓய்வு நாட்களில் அந்தச் சுவரில் நான் வட்ட வீச்சைப் பழகத் தொடங்கினேன். பந்து மேலே போயிற்று, பின்னால் போயிற்று. கை கீழே வரும்போது பந்து தொடையில் மோதும். ஒரே இடத்தில் அடிபட்டு அடிபட்டுத் தொடை கன்றிப்போனது. பிறகு தோளும் வலிக்க ஆரம்பித்தது. சட்டையைத் தலைவழியே கழற்ற முடியாமல் நான் தவித்ததை அம்மா பார்த்துவிட்டார்.

“இதென்ன பிள்ளை, தோள் இப்பிடி வீங்கிக் கிடக்கு? ஆரோட போட்டி போடுறாய்?”

யாரோடும் இல்லை என்றேன். அம்மா எண்ணெய் தடவி நீவிவிட்டார்.

மறுநாள் மணிக்கட்டுப் பயிற்சிக்கு முழங்காலில் நின்றபோது பாவாடைக்குக் கீழே அந்தக் கன்றல் தெரிந்திருக்க வேண்டும். அவள் பார்த்துவிட்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“சுத்திப் போட்டுப் பாத்தியா?”

நான் பாவாடையை இழுத்துக் கன்றலை மூடினேன்.

“எனக்கும் அப்படித்தான் அடிபட்டுச்சி. இடுப்ப சீக்கிரம் திருப்பிடற லா. கை கீழ வந்தப்புறம் இடுப்பு வரணும். நாளைக்கு சாப்பிட்டப்புறம் காட்டறேன், வா.”

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். நான் போனேன். கூடைப்பந்துத் திடலின் சுவரருகே அவள் என் முழங்கையைப் பிடித்து வட்டத்தைக் காட்டினாள். அவள் கை அவ்வளவு இலகுவாக இருந்தது. கற்றுக்கொடுத்ததில் ஒரு துளி கர்வமில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. எனக்கு அவ்வளவு சுலபமாக ஒன்று வந்திருந்தால் நான் யாருக்கும் காட்டியிருக்க மாட்டேன். எப்படியும் எனக்கு அது வரவில்லை. தோள் வலி அதிகமானதுதான் மிச்சம். பிப்ரவரி நடுவில் வட்டத்தை விட்டுவிட்டு என் பழைய ஊஞ்சல் வீச்சுக்கே திரும்பினேன்.

மாவட்டப் போட்டிக்கு முன் டீச்சர் இன்னொரு பெண்கள் பள்ளியை நட்பு ஆட்டத்துக்கு அழைத்திருந்தார். பிட்சராக அவள் பெயரைத்தான் முதலில் சொன்னார். நான் வெளியே பலகையில் உட்கார்ந்தேன். முதலில் வந்த பெண்கள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து கேட்சரிடம் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கேட்சர் கையை உதறிக்கொண்டு சிரித்தாள். நானும் கைதட்டினேன். மனதுக்குள், ஒரே ஒரு பந்தாவது தவறிப் போகட்டும் என்று இருந்தது.

மூன்றாவது இன்னிங்ஸில் தவறியது. பந்து திசைமாறி எதிரணிப் பெண் ஒருத்தியின் முழங்கையில் பட்டது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் டீச்சர் சொன்னார், ஐஸ் வைத்தார்கள், ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பிட்சருக்குக் கை வரவில்லை. பந்தை மண்ணில் குத்தினாள், மட்டைக்கு எட்டாத தூரத்தில் வீசினாள். அப்படி நான்கு பந்து தவறினால் மட்டைக்காரி அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். எதிரணி வரிசையாக நடந்தே தளம் ஏறியது.

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் நடந்துபோய் அவள் கையிலிருந்து பந்தை வாங்கினேன். என்னை அப்போது பார்த்தவர்கள் நான் கவலையோடு இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். உள்ளே அப்படி ஒரு சந்தோஷம். முதல் பந்தை என் வழக்கப்படி வீசினேன். அது வழக்கம் போல மெதுவாகத்தான் போனது. மட்டைக்காரி பந்து வருவதற்கு வெகு முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டுத் தடுமாறினாள். அடுத்தவளும் அப்படியே. அடிபட்ட பந்துகளும் எங்கள் காலடியில்தான் உருண்டன. ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம். பலகையில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தி உற்சாகப்படுத்தியவளும் அவள்தான்.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் எல்லோரையும் புல்லில் உட்கார வைத்தார். மாவட்டப் போட்டியிலும் இப்படியே செய்யப்போகிறோம், அவள் தொடங்குவாள், நான் முடிப்பேன் என்றார். அவளுடைய வேகத்துக்குக் கண் பழகிப்போனதால்தான் எதிரணியால் என் மெதுவான பந்தை அடிக்க முடியவில்லை என்று விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதையும் அவளால்தான் பெற்றேன் என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளும் நானும் மட்டும் நின்றோம். அவள் முகம் இன்னும் தெளியவில்லை.

“நீ பின்னால இருக்கன்னா நான் பயப்படாம போடுவேன்,” என்றாள். “அந்தப் பொண்ணு அழுதது கண்ணுலயே நிக்குது.”

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவளே தொடர்ந்து கேட்டாள்.

“ஒன்னு கேக்கவா? உங்க வூடு இந்தா இருக்கு. போயி சுடச்சுட சாப்பிட்டு, படுத்து எந்திரிச்சி வரலாம். ஏன் லா எங்கூட உக்காந்து ஆறிப்போன சோறு திங்கற? ஒன்னப் பாத்தா எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சலா இருக்கும் தெரியுமா, பஸ் ஏறினா வூடுன்னு.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நிஜமாகத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வயிற்றெரிச்சலோடு எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. அதற்குள் அவளுடைய பஸ் வந்து என்னைக் காப்பாற்றியது.

மாவட்டப் போட்டியில் அவள் தொடங்கினாள், நான் முடித்தேன். இரண்டாவதாக வந்தோம். மாநிலக் குழுவுக்கு எங்கள் பள்ளியிலிருந்து அவளையும் என் தோழியையும் எடுத்தார்கள். வேகமான பந்தை வீசுகிறவளும் அதைப் பிடிக்கத் தெரிந்தவளும் ஒருவருக்கொருவர் தேவை. மெதுவான பந்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அவர்கள் போட்டிக்குப் புறப்பட்ட காலையில் டீச்சர் என்னைத் தோளில் தட்டி, நீ ஐந்தாம் படிவத்தில் இன்னும் நன்றாக வீசுவாய் என்றார். வீசினேன், அவளுக்குப் பின்னால்தான். அந்த வருடமும் மதியச் சோற்றை மாடிப்படிக்குக் கீழேதான் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானும் போக நினைக்கவில்லை.

ஐந்தாம் படிவம் முடிந்ததும் அவளை அக்காவின் தொழிற்சாலையிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் குழுவுக்கும் சேர்த்து. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் போனேன். அங்கே சாஃப்ட்பால் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடுவதைப் பார்க்க ஃபெரியில் அந்தக் கரைக்குப் போனேன். லாரிகள் போய்க்கொண்டிருந்த சாலையோரத்தில் ஒரு திடல். அவள் நிறுவனச் சட்டை போட்டிருந்தாள், கைப்பகுதி சரியான அளவில் இருந்தது. முன்னைவிட வேகமாக வீசினாள். கேட்சராக ஒரு மலாய்க்கார அக்கா. இன்னிங்ஸ் நடுவில் அந்த அக்கா அவளிடம் நடந்துபோய் காதில் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அவளுடைய வேகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அக்காவைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவள் என்னைக் கண்டுகொண்டாள். ஓடிவந்து, தன் குழுவினரிடம் என்னை இழுத்துப் போனாள். இவள்தான் எங்கள் பள்ளியின் இன்னொரு பிட்சர் என்று மலாயில் சொன்னாள். இவள் பந்தை யாராலும் அடிக்க முடியாது என்றும் சொன்னாள். அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். நான் அவள் பக்கத்தில், அந்த அக்காவுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.