மெஷின் நின்றபோது

தப்பு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தையல் கூடத்தில் முடிந்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, கோணல் தையலையும் எண்ணெய்க் கறையையும் பிடித்துத் திருப்பி அனுப்புவேன். அதனால் எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. ஆனால் காலர்க்காரியின் தையலை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. காலர் மட்டுமே தைப்பாள் என்பதால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். சூப்பர்வைசர் காதருகே வந்து கத்தினாலும் தலை நிமிராது.

அவளுடைய முதல் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை. பிறந்தது, கொஞ்சம் முனகியது, போய்விட்டது. ஒழுங்காகச் செக்கப்புக்குப் போகாததால்தான் இப்படி என்று அவள் மாமியார் ஊரெல்லாம் தண்டோரா போட்டாள். எப்படிப் போவாளாம்? சுகாதார நிலையத்தில் டோக்கன் கொடுப்பது காலையில் கொஞ்ச நேரம்தான். அதே நேரத்தில்தான் எங்கள் கம்பெனி கேட்டையும் மூடுவார்கள். டோக்கன் வாங்கினால் வேலை போகும், வேலைக்கு வந்தால் டோக்கன் போகும். இதைச் சொன்னால் மாமியார், "அந்தக் காலத்துல நாங்கல்லாம் எந்த டாக்டரப் பாத்தோம்?" என்பாள். அந்தக் காலத்தில் செத்த பிள்ளைகளை யார் கணக்கில் வைத்தார்கள்?

மறுபடி மாசமானபோது, வயிறு தானாகச் சொல்லும்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்டு மேஜையில் மிஞ்சிய மெத்தென்ற துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்து நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. வீட்டுல கொண்டுபோய் வெச்சா அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். பயமா இருக்கு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் பேயை நிஜமாகவே பார்த்தவள்.

கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி ஒருமுறை சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே இருந்த நர்ஸ், "அடிக்கடி வர முடியலன்னா பரவால்ல, பிள்ள ஆடுதான்னு மட்டும் கவனிச்சுக்கிட்டே இரு. ஆட்டம் கொறஞ்சா அடுத்த நிமிஷம் இங்க நிக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு பேச்சை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். தினமும் சாப்பாட்டு மணி அடிக்கும்போது என்னைப் பார்த்து, "நல்லா ஆடுதுக்கா" என்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு வரும்.

எங்கள் வரிசையில் எல்லா மெஷின்களும் ஒரே நீளமான மேஜையில் பூட்டியிருக்கும். எல்லாம் ஓடும்போது மேஜையே அதிரும். மேலே வைத்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து கீழே விழும். வயிறு பெரிதாக ஆக, காலர்க்காரி மேஜை விளிம்பில் வயிற்றை ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"வீட்டுக்குப் போனா சத்தமே இல்லக்கா, தூங்கிடுது. இங்க வந்தாத்தான் ஆட்டம்" என்றாள் ஒருநாள்.

"ஷிப்ட் பாத்து வேல செய்யுதுடி உன் பிள்ள. இப்பவே பேர் பதிஞ்சு வெச்சுடு" என்றாள் பொத்தான் தைக்கும் பெண். வரிசையே சிரித்தது.

அதற்கு மறுநாள், வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மெஷின்கள் எல்லாம் ஒன்றாக அடங்கின.

"பாருங்கக்கா, கரண்ட் போனதும் இவனும் நின்னுட்டான்" என்று சிரித்தாள் காலர்க்காரி.

சிரிப்பு பாதியில் நின்றது. வயிற்றில் கையை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் துணி மூட்டைமேல் ஒருக்களித்துப் படுத்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். அதற்குள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மெஷின்கள் மறுபடி ஓடின. அவள் எழுந்துபோய் மேஜையில் வயிற்றை ஒட்டினாள், விலகினாள். மறுபடி ஒட்டினாள், விலகினாள்.

"அக்கா," என்றாள். "ஆடினது மேஜக்கா."

எத்தனை நாளாக மேஜையைப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"ஆர்டர் இன்னைக்குப் போயாகணும்" என்று சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "அப்ப நீங்க உக்காந்து தைங்க சார்" என்று சொல்லிவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சுகாதார நிலைய வாசலில் நின்ற ஆளுக்காகவே சொன்னது. "டோக்கன் முடிஞ்சிடுச்சும்மா, நாளைக்குக் காலைல வாங்க" என்றார். நான் போட்ட கூச்சலில் அந்த நர்ஸே வெளியே வந்துவிட்டார். காலர்க்காரியின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே அழைத்துப் போனார்.

பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கையடக்கக் கருவி ஒன்றை வயிற்றில் வைத்து நகர்த்தினார். வெறும் இரைச்சல். பிறகு ஒரு துடிப்பு கேட்டது. நான் மூச்சு விடுவதற்குள், "இது அம்மாவோட நாடி" என்றார். இன்னும் கீழே போனார். பக்கவாட்டில் போனார். கடைசியில் வேறொரு சத்தம், தூரத்தில் யாரோ ஓடுவதுபோல.

"இருக்கு. ஆனா மெதுவா அடிக்குது."

காலர்க்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இல்ல சிஸ்டர். அது உங்க மெஷின் சத்தம். மெஷின நிறுத்துங்க."

"அம்மா, அது உன் பிள்ளயோட—"

"மெஷின நிறுத்துங்க!"

அவள் கத்தி அன்றுதான் கேட்டேன். நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. கருவியை அணைத்தார். மின்விசிறியையும் அணைத்தார். அலமாரியிலிருந்து பழைய மரக்குழல் ஒன்றை எடுத்து வயிற்றில் வைத்து அதில் காதைக் கொடுத்தார். பிறகு காலர்க்காரியின் கையைப் பிடித்து, தான் கேட்டதைக் கேட்டபடியே தன் விரலால் அவள் உள்ளங்கையில் தட்டத் தொடங்கினார். தட்டினார், தட்டினார், நிற்காமல் தட்டினார். காலர்க்காரி அப்போதுதான் அழுதாள்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் காலர்க்காரி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பாள். "காத்து இல்லாம பிள்ள வேகுது" என்று மாமியார் திட்டுவாள். கேட்க மாட்டாள். இப்போது அந்த வாண்டு நடக்கிறது. நான் தைத்த சட்டையை அவளே கேட்டு வாங்கிப் போட்டாள், அதுவும் இப்போது சிறிதாகிவிட்டது.

காலர்க்காரி மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். இப்போது பொத்தான் தைக்கும் பெண் மாசமாக இருக்கிறாள். சாப்பாட்டு மணிக்கு முன்பாகக் காலர்க்காரி எழுந்து நின்று, "மெஷின நிறுத்துங்க" என்பாள். வரிசை முழுக்கப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடும். சூப்பர்வைசர் கத்தத்தான் செய்கிறார். இப்போதும் அவள் தலை நிமிர்வதில்லை. பொத்தான்காரி மேஜையைவிட்டு விலகி நின்று வயிற்றில் கைவைப்பாள். கொஞ்ச நேரத்தில் எங்களைப் பார்த்துத் தலையாட்டுவாள். அதன்பிறகுதான் மெஷின் ஓடும்.

இன்று அவள் இன்னும் தலையாட்டவில்லை.