இடது பக்கச் சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலையில் பாதி ஏறியிருப்போம். காரின் முன் சக்கரத்திலிருந்து 'ஙொர்ர்ர்' என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் முனகியது... வளைவில் உறுமியது.

காரில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் வழக்கமாக என் குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசிக்கொண்டே போவேன். தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கைதான்! ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் மனைவி இருந்தாள்.

"என்னங்க அது, இடது பக்கம்?"

டிரைவர் மாதையனைக் கேட்டேன். ஐம்பது வயது, இரண்டு வருடமாக எனக்கு ஓட்டுகிறவர். பதிலில்லை. உரக்கக் கேட்டேன்.

"கேக்குதுங்க... டக்கு டக்குன்னு வருதுங்க."

டக்கு டக்கா? நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில் நண்பரின் மகளுக்கு வளைகாப்பு. நேரமாகிவிட்டது. இருந்தாலும் இத்தனை வளைவுகளையும் திரும்ப இறங்க வேண்டுமே — மனைவி விடவில்லை. ஏற்காட்டில் முதலில் கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். இஸ்மாயில் பாய் என்பவருடையது.

"ஒரு ரவுண்டு போலாமுங்க" என்று பாய் முன் சீட்டில், மாதையனுக்கு இடது பக்கம் ஏறிக்கொண்டார். மனைவி ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்துகொண்டாள்; நான் பின்னால்.

"ஏனுங்க, எந்தப் பக்கம் ஒடிச்சா சத்தம் கூடுது?" பாய் கேட்டார். மாதையன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பாய் மறுபடியும் கேட்டார். ஊஹூம்.

கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார் பாய். இறங்கினார். சுற்றி வந்து டிரைவர் பக்க ஜன்னலில் நின்று அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்.

"என்னங்க?" என்று உடனே திரும்பினார் மாதையன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி நிற்கும்போது நான் ஏதாவது சொன்னால், தலையை முழுக்கத் திருப்பி வலது காதைக் கொடுப்பாரே... இரண்டு வருடமாக அதை மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

"உங்களுக்குக் காது கேக்காதா?" கத்திவிட்டேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

மாதையனின் முகம் சுருங்கிப்போனது. "இடது காது மட்டுமுங்க. நாலு வருசமாச்சுங்க. முந்தின முதலாளிகிட்டச் சொன்னனுங்க. அன்னைக்கே சாவிய வாங்கிட்டாருங்க."

பாய்தான் பேசினார்.

"சத்தத்த உடுங்க. கையில என்ன தெரியுது?"

மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலது பக்கம் ஒடிச்சா ஸ்டியரிங்ல நடுக்கம் கூடுதுங்க. இடது பக்கம் ஒடிச்சா அடங்குதுங்க. பிரேக் மிதிச்சாலும் மாத்தமில்லீங்க. அடிவாரத்துக்கு முன்னாலயே நொம்ப லேசா இருந்துச்சுங்க."

"அப்ப இடது சக்கரத்து பேரிங்" என்றார் பாய். "வேற எதையும் பிரிக்க வேண்டியதில்ல."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கின் உருளைகள் சொத்தைப் பல் மாதிரி அரித்துப்போயிருந்தன.

"இதோட இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும் பாய்?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "டீ சொல்லட்டுங்களா?" என்றார் அவர். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் மாதையன் என்னிடம் சொன்னார். "ஸ்டியரிங் ஒரு மாதிரி நடுங்குதுங்க, பாத்துட்டுப் போலாமுங்களா?" என்று தெளிவாகவே சொன்னார். வளைகாப்புக்கு நேரமாகிறது என்று நான்தான் கையை ஆட்டிவிட்டேன். எனக்கு இரண்டு காதும் நன்றாக வேலை செய்கின்றன. என்ன பிரயோஜனம்? சத்தம் வந்த பிறகு காதைத் தீட்டிக்கொள்ளும் நாம், வருவதற்கு முன் ஒருவர் மெதுவாகச் சொல்வதை எங்கே கேட்கிறோம்? ரொம்பவே வெட்கமாக இருந்தது.

பாய் சேலத்துக்கு போன் போட்டார். மத்தியான பஸ்ஸில் புது பேரிங் வந்தது. வளைகாப்பு போயே போச்சு. வேலை முடிந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லை.

புறப்படும் நேரத்தில் மாதையன் என் முன்னால் வந்து நின்றார். சாவியை நீட்டினார்.

"இந்தாங்க. கீழ எறங்க வேற ஆளப் பாத்துக்குங்க. அம்மாவும் வர்றாங்க... பயமா இருக்குமுங்க."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள். வரும் வாரம் காது டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போகிறேன். டாக்டர் என்ன சொல்கிறாரோ, அதன்படி. ஆனால் அந்த நிமிடத்தில் டாக்டரா இருந்தார்? சாவியை நீட்டிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். அடிவாரத்திலேயே ஸ்டியரிங் நடுக்கத்தை அறிந்த கை அது. அந்தக் கையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாதையன்" என்றேன். மனைவியைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, முன் கதவைத் திறந்து அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். "இந்தப் பக்கத்துக் காது இனிமே நான். சரியா?"

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

முதல் வளைவு. கீழேயிருந்து லாரி ஹாரன். என் புது உத்தியோகத்தின் முதல் கடமையாயிற்றே... "மாதையன், ஹாரன்! ஹாரன்!" என்று அலறினேன்.

"அது வலது பக்கமுங்க" என்றார் மாதையன். "எனக்கே நல்லாக் கேக்குது. நீங்க கத்தாம வாங்க."