குளிரில் புளிக்காத பழைய சோறு

முதலில் ரத்தம்தான் வந்தது. தில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் அரசுக் குடியிருப்பில், ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில். மூலம் என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவளுக்கு அது வராமல் எப்படி என்று என் கணவரும் சொன்னார். சில மாதங்களில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் குடல் மருத்துவரிடம் போனோம். அவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடலின் உள்சுவரெல்லாம் புண்ணாக இருக்கிறது, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்றார். அடக்கி வைக்கலாம், அடியோடு போகாது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

நானும் கணவரும் வேறு வேறு மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகள் இல்லை. தில்லியில் இத்தனை வருடம் இருந்தும் வீட்டுக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை.

வயிற்றோடு வாழப் பழகினேன். ஆபீஸில் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த, யாரும் விரும்பாத இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினேன். அந்தக் கூட்டத்தில் அவசரம் என்றால் எங்கே ஓடுவது? யார் வீட்டிலும் சாப்பிடுவதில்லை. "தஹி காயா கரோ" என்று உடன் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தயிரை நான் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் முட்டி வீங்கியது. முதலில் இடது, சில நாளில் வலது. தொட்டால் சுட்டது. காலையில் படுக்கையை விட்டு எழும்போது இடுப்பு கட்டைபோல விறைத்துக் கிடக்கும். வெகுநேரம் நடந்த பிறகுதான் கொஞ்சம் தளரும்.

எங்கள் குடியிருப்பு பழைய காலத்துக் கட்டடம். குந்தி உட்காரும் கழிப்பறைதான். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் என் நோயைச் சொல்ல முடியாது. வயிறு ஓடு என்று விரட்டும், முட்டி மடங்க மாட்டேன் என்று நிற்கும். சுவரில் கையை ஊன்றி, பாதி குந்தி பாதி நின்று சமாளித்தேன். ஒரு நாள் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"கதவத் தொறக்க முடியுதாளா?"

"முடியல. எந்திரிக்கவே முடியல."

அவர் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. உள்ளே வந்து, என்னைக் கழுவி, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் தலைகூட வாராத பெண் நான். அன்று மாலை மருந்துக்கடையிலிருந்து நடுவில் ஓட்டை வைத்த ஒரு கமோடு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாழ்ப்பாளை மட்டும் திரும்பப் பொருத்தவில்லை. நானும் பொருத்தச் சொல்லவில்லை.

எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். வயிற்றுக் கோளாறு உண்டு என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே வலி மாத்திரை எழுதினார். மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. இரண்டே நாளில் அடுப்படியில் நின்று தோசை வார்த்தேன். அடுத்த வாரம் ரத்தம் கொட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். இந்த நோய் இருக்கிறவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை குடலைக் கிளப்பிவிடக்கூடும் என்று அங்கேதான் தெரிந்தது.

அங்கேதான் மூட்டுவாத மருத்துவரையும் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர். என் முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆப்கா குட்னா பீமார் நஹீன் ஹை. பேட் பீமார் ஹை." முட்டியில் நோய் இல்லை, வயிற்றில்தான் நோய்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குடலில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. என்னைப் போன்றவர்களிடம் சில வகை குறைந்து, வேறு சில பெருகியிருக்கின்றன. குடற்சுவர் புண்ணாகிக் கிடப்பதால் அவற்றின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. அவற்றைத் துரத்தக் கிளம்பும் உடம்பின் காவல் அணுக்கள் வழிதவறி மூட்டுகளுக்குள்ளும் புகுந்து அடிக்கின்றன. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம் என்றார்.

"அதெல்லாம் கெட்ட கிருமியா?" என்று இந்தியில் கேட்டேன்.

இல்லை என்றார். எல்லார் வயிற்றிலும் இருப்பவைதான், அவை இல்லாமல் நாம் வாழ முடியாது. அவை மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை மாறினவா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாது என்று அவர் சொன்னது பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. திட்டுவதற்கு ஒரு எதிரிகூட இல்லை. பிறந்ததிலிருந்து என்னோடு இருப்பவற்றுக்கும் என் உடம்புக்கும் நடுவே ஏதோ கெட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான்.

கணவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். கிருமிதான் காரணம் என்றால் நல்ல கிருமியை உள்ளே அனுப்பினால் போதுமே! ஊர் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழைய சோற்றின் பெருமையைப் பற்றி யாராவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சட்டியில் சோற்றைப் போட்டு நீர் ஊற்றி வைத்தார். அது தில்லியின் ஜனவரி. மறுநாள் சோறு வைத்தபடியே இருந்தது, துளி புளிப்பில்லை.

"ஊர்ல ஒரு ராத்திரியில புளிச்சிரும். இங்க என்னடான்னா ஐஸ் மாரி கெடக்கு," என்று அலுத்துக்கொண்டார்.

பிறகு சட்டிக்குத் தன் பழைய ஸ்வெட்டரைச் சுற்றினார். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். ஒருவழியாக லேசான புளிப்பு ஏறியதும் டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தார்.

"குடிளா. எல்லாம் சரியாயிரும்."

"டாக்டர்ட்ட கேக்காண்டாமா?"

"கேட்டாச்சு. ஒத்துக்கிட்டா சாப்பிடலாம்னாங்க."

மருத்துவர் சொன்னதில் இன்னொரு பாதி இருந்தது. இதை மருந்தாக நம்ப வேண்டாம் என்பது. அதை நான் அடுத்த தடவை போனபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணவரிடம் அதைச் சொல்லவில்லை. தினமும் குடித்தேன். மாலையில் "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "தேவலாம் போலத்தான் இருக்கு" என்பேன். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு டம்ளர் குடிக்கலாம் போலிருக்கும்.

மார்ச் பிறந்து, சட்டிக்கு ஸ்வெட்டர் தேவைப்படாமல் சோறு தானாகப் புளிக்கத் தொடங்கிய நாட்களில், எனக்கு மறுபடி ரத்தம் வந்தது. முட்டி இரண்டும் பலாக்காய் மாதிரி வீங்கின. ஒரு காலையில் பார்த்தேன், சட்டி கழுவிக் கவிழ்த்து மேல் அலமாரியில் இருந்தது. அந்தக் கவிழ்ந்த சட்டியைப் பார்த்தபோது வந்த வேதனை வலி அதிகமான நாட்களில்கூட வந்ததில்லை.

மாத்திரைகள் போதாது, ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்குப் போகலாம் என்று இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அதற்கு முன் ஒரு பரிசோதனை. என் உடம்பில் காசநோய்க் கிருமி உறக்கத்தில் இருக்கிறது என்று அதில் தெரிந்தது. இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும், பயப்படாதே என்றார்கள். ஆனால் புது மருந்து அதை எழுப்பிவிடலாம். முதலில் அதற்கு மாத்திரை. அதுவரை ஸ்டீராய்டு. முகம் வீங்கி உருண்டையானது. வருடக்கணக்காக எனக்கு வணக்கம் சொல்லும் ஆபீஸ் வாசல் காவலர் ஒரு நாள் அடையாள அட்டையைக் கேட்டார். காட்டினேன். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாஃப் கீஜியே மேடம்" என்று மன்னிப்புக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் மருந்து ஏறத் தொடங்கியது. இரண்டாம் தடவை ஏற்றிய பிறகு ஒரு காலையில் அடுப்படி வரை நடந்து வந்துவிட்டேன். வந்த பிறகுதான் முட்டி வலிக்கவில்லை என்று உறைத்தது. அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். சுவரைப் பிடிக்காமல் தரையில் குந்தி உட்கார்ந்து, எழுந்து காட்டினேன்.

"இன்னொருக்கா உக்காரு," என்றார். உட்கார்ந்தேன். அவர் திரும்பி நின்று வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அது ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. ரயிலில் ஊருக்குப் போய் வந்தோம். அரிசி மூட்டையை நானே நகர்த்தினேன். இனி இப்படியே போய்விடும் என்று நம்பவும் ஆரம்பித்தேன்.

போன அக்டோபரில், தில்லி முழுக்கப் புகை மூடியிருந்த வாரத்தில், இடது முட்டி மறுபடி சுட்டது. பின்னாலேயே வயிறும் வந்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த மருத்துவர், என் உடம்பு அந்த மருந்தையே எதிர்க்கத் தொடங்கிவிட்டது என்றார். வேறொரு மருந்து இருக்கிறது. அதுவும் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுக்க நேரலாம்.

கணவர் அவசரமாகக் கேட்டார், "அதை எடுத்துவிட்டால் முட்டி சரியாகிவிடுமா?"

முட்டி பெரும்பாலும் அடங்கும், இடுப்புக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

திரும்பும்போது ஆட்டோ சாணக்யபுரி வழியாக வந்தது. அகலமான, ஆளில்லாத சாலைகள். கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த மருந்தாவது கேக்குமா?" என்றேன்.

"தெரியலளா," என்றார். முன்பெல்லாம் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சொல்வார்.

புது மருந்தை நேற்று முதல் தடவையாக ஏற்றினார்கள். பலன் தெரியச் சில வாரமாகும் என்கிறார்கள். இதை எழுதும்போது இடது முட்டி சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது.