முட்டை உடையாத சாலை

அப்னர் கூப்பர், அடியில் மாட்டிய பிளேடால் சாலையைச் சீவுகிற கிரேடர் இயந்திரம் ஓட்டுகிறவன். பெத்தானியைச் சுற்றியுள்ள மண்சாலைகளைப் பதினாறு வருடமாக அவன்தான் சமப்படுத்துகிறான். கிரேடரின் பின்னால் கொக்கியில் மாட்டிய சின்ன வண்டிவீடுதான் அவன் குடியிருப்பு. இரண்டு சக்கரம், ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, சரியாகச் சாத்தாத ஒரு கதவு. அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டி. மூன்றும் கோர்த்துக்கொண்டு வரும்போது வெகுதூரத்திலேயே புழுதி தெரியும். நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன்.

கூட்டுச்சாலையில் கடையும் டீசல் பம்பும் என்னுடையவை. சாலை மோசம் என்று திட்டுகிற ஓட்டுநர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் திட்டுவார்கள், ஏதோ நானே கல்லைக் கொட்டிவிட்டு வந்தவள் மாதிரி. சாலை நன்றாக இருந்தால் ஒருவனும் வாயைத் திறப்பதில்லை.

கிரேடர் வேலைக்கு ஒரு முறை உண்டு. அறுபது கிலோமீட்டர் சமப்படுத்த வேண்டுமென்றால், வண்டிவீட்டை முதலில் முப்பதாவது கிலோமீட்டருக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடுவார்கள். அங்கே தங்கி இரண்டு பக்கமும் வேலை செய்தால் டீசலும் மிச்சம், நாளும் மிச்சம். ஆனால் வீடு போகிற அந்த முப்பதும் இன்னும் பிளேடு படாத சாலை. லாரிகள் ஓடி ஓடிக் குறுக்கே வரிசையாக மேடு கட்டியிருக்கும். பல்லே ஆடிப்போகும். ஊரெல்லாம் அப்னர் போட்ட சாலையில் சுகமாகப் போகும், அவன் வீடு மட்டும் குதித்துக்கொண்டு போகும்.

அந்த வீட்டுக்குள் அவன் மனைவி மக்ரீட்டா உட்கார்ந்திருப்பாள். இழுக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. கிரேடரில் ஒரே ஒரு இருக்கைதான் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. முட்டைகளைச் சோள மாவுக்குள் புதைத்துத்தான் எடுத்துப் போவாள். அப்படியும் பாதி உடைந்துவிடும்.

"உங்ககிட்ட பால் வாங்கிட்டுப் போறேன் லேனாக்கா, போய் இறங்கினா வெண்ணெயா இருக்கு. இனிமே வெண்ணெய்க்குத் தனியாக் காசு வாங்கிடாதீங்க" என்பாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் கர்ப்பமானாள். ஐந்தாம் மாதம் ஹெல்மரிங்ஹவுசன் சாலையில் வண்டிவீட்டுக்குள்ளேயே அது கலைந்து போயிற்று. அப்னர் கிரேடரை நிறுத்திக் கதவைத் திறந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் அவள் கூப்பிட்டது எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை பெத்தானியில் அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். இரண்டு அறை, ஏழு பேர். வண்டி ஆட்டமே கிடையாது. அங்கேயும் நான்காம் மாதம் கலைந்தது.

"அப்ப ரோடு காரணம் இல்லைன்னு இப்பவாவது தெரியுதா?" என்று அப்னரிடம் கேட்டேன். எனக்கு மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"முன்னாடி ஆடின ஆட்டமெல்லாம் உடம்புலயே தங்கியிருக்கும்க்கா" என்றான்.

"உன் மண்டைக்குள்ளதான் தங்கியிருக்கு."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, கோப்பையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாவது முறை அக்கா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மக்ரீட்டா சொல்லிவிட்டாள். அப்போதுதான் அப்னர் அந்த வேலையைத் தொடங்கினான். வண்டிவீட்டைப் பகுதியின் தொடக்கத்திலேயே நிறுத்தினான். சாலையைப் பத்து கிலோமீட்டர் சமப்படுத்துவான், சாயங்காலம் கிரேடரிலேயே திரும்பி வருவான். மறுநாள் பதினைந்தாவது கிலோமீட்டர் வரை போவான், மறுபடி திரும்புவான். இருபது முடிந்த பிறகுதான் வீட்டைக் கொக்கியில் மாட்டி, தான் போட்ட சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் இழுத்துப் போவான். ஆறு நாள் வேலை ஒன்பது நாளாயிற்று.

சாலைத் துறை மேற்பார்வையாளர் கிளாசன் என் கடைக்கு வந்து குதித்தார்.

"அவனுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? போன தடவை ஒரு டிரம்ல முடிச்ச வேலைக்கு இப்ப ரெண்டு டிரம் டீசல் குடிக்குது அந்த மிஷினு!"

"பொண்டாட்டி முழுகாம இருக்கா" என்றேன்.

"இருக்கட்டும். என் பொண்டாட்டியும் நாலு பெத்தா. நான் ஊர் ரோட்டை எல்லாம் பெருக்கிட்டா இருந்தேன்?"

அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும். வண்டிவீடு துறையுடையது, ஆகையால் வேலையோடு வீடும் போகும். அப்னர் கடிதத்தை நான்காக மடித்து ஆடுகிற கதவின் இடுக்கில் செருகினான். கதவு ஆடுவது நின்றது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஆறாம் மாதம் வந்தது, ஏழாம் மாதமும் வந்தது. பண்ணைக்காரர்கள், லாரிக்காரர்கள், ஆட்டு வியாபாரிகள் எல்லாருக்கும் சங்கதி தெரிந்துவிட்டது. கடையில் நிறுத்தி, "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்பார்கள். இருக்கு என்பேன். அந்தப் பக்கம் போகிறவன் மெதுவாகப் போவான். சாலை கெட்டுவிடக் கூடாதாம்! பதினாறு வருடமாகக் கெடுத்தவர்கள்.

ஒன்பதாம் மாதம், கிரேடரைப் பழுதுபார்க்கக் கீட்மன்ஸ்ஹூப்புக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியும் அங்கேதான். மண்சாலை முடிந்து தார்ச்சாலையில் ஏறியதும் லாரிகள் பின்னால் நீள வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அப்னர் வேகத்தைக் கூட்டவில்லை. ஒரு நாள் முழுக்க ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். நான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ.

நான் லாரி பிடித்துப் பார்க்கப் போனேன். கட்டிலில் மக்ரீட்டா இளைத்து, சிரித்துக்கொண்டு இருந்தாள்.

"தார் ரோட்டுல சத்தமே இல்லைக்கா. கொக்கி கழண்டு அவர் மட்டும் போயிட்டாரோன்னு மூணு தடவை ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன்."

"எப்படியோ, அவன் பிடிச்ச பிடிவாதம் ஜெயிச்சுடுச்சு" என்றேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அப்னர் பட்டறையில் இருந்தான். சட்டையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். பொட்டுப் பொட்டாக ஊசித் தழும்புகள்.

"ரத்தத்துல கோளாறுக்கா. ரெண்டாவது போனப்பவே டாக்டர் கண்டுபிடிச்சுட்டார். தினமும் ஊசி போட்டா நிக்கும்னார். ரோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அப்பவே சொன்னார். இவர்கிட்ட சத்து ஊசின்னு சொல்லிவெச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அடிப்பாவி! அந்த மனுஷன் வேலையே போக இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"முதல் தடவை கதவைத் திறந்தார் பாருங்க, அந்த முகத்தை நீங்க பார்க்கலை. ரத்தம்னு சொன்னா அவரால என்னக்கா செய்ய முடியும்? ரோடுன்னா அவர்கிட்ட கிரேடர் இருக்கு."

கிளாசனின் இரண்டாவது கடிதம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"வராது. பாப்பா ஆட்டினாத்தான் தூங்குது, அதனால பழையபடி வீட்டை முதல்லயே இழுத்துட்டுப் போங்கன்னு சொல்லப் போறேன்."

அடுத்த மாதம் தெற்கே புழுதி எழுந்தது. கிரேடர், வண்டிவீடு, தண்ணீர்த் தொட்டி மூன்றும் கரடான சாலையில் குதித்துக்கொண்டு வந்து நின்றன. குழந்தை உள்ளே தூங்கியது, அல்லது மக்ரீட்டா அப்படிச் சொன்னாள். அப்னர் இறங்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"பார்த்தீங்களாக்கா? நீங்க என் மண்டையில கோளாறுன்னீங்க. அந்த ஒன்பது மாசமும் ஒரு முட்டை கூட உடையலை" என்றான்.

மனதில் பட்டதை அன்றுதான் நான் முதல்முறையாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"பார்த்தேன் தம்பி. நல்ல ரோடு" என்றேன்.