ரெஜினா டீச்சர் கேட்ட நெட்டைக்காலிகள்

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நம் பறவைக் குழு நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. ரெஜினா டீச்சர் மறைந்த செய்தி.
2. அவர் வகுத்த விதி.
3. அவருக்குப் பயம் கிடையாது என்பது.
4. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

மன்னார்குடி பேருந்து நிலையத்தில் டீச்சருக்காகக் காத்திருந்தேன். வயலுக்குப் போவதாக ஏற்பாடு. தொலைநோக்கி கழுத்தில் தொங்கியது. அவர் மகன் அருள் போனில், "சார், அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். இனி நான் பார்க்கும் பறவையை யார் கேட்பார்கள்?

குழுவுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அறுத்த வயலில் வயல் நெட்டைக்காலி என்ற சிறு பறவை ஆண்டு முழுவதும் இருக்கும். பனிக்காலத்தில் அதே பழுப்போடும் அதே மார்புக் கோடுகளோடும் வடக்கிலிருந்து பெரிய நெட்டைக்காலி வந்து கலந்துவிடும். இது சற்று உயரம், நிமிர்ந்து நிற்கும். ஆனால் அறுத்த நெல்லின் தாளடிகளுக்கு நடுவே எல்லாமே சந்தேகம்தான். பறந்தெழும்போது வரும் குரல்தான் தீர்ப்பு. உள்ளூர்ப் பறவை மெலிதாக 'சிப், சிப்' என்னும். வடக்கிலிருந்து வந்தது 'ஷ்ரீப்' என்று கரகரக்கும். அந்த மெல்லிய 'சிப்' என் காதுக்கு எட்டாமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

ஆகவே டீச்சர் ஒரு விதி வைத்தார். நான் பார்ப்பேன், அவர் திரும்பி நின்று கேட்பார். "கண்ணு பாத்துட்டா காது பொய் சொல்லும் சார்" என்பார். பறவை எழுந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பெயர் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் அது கணக்கில் சேராது. நான் எப்போதும் அரை மூச்சு தாமதிப்பேன். "என்ன சார், காப்பி அடிக்கிறீங்களா? தப்பாச் சொன்னா குருவி வந்து கேஸா போடப்போவுது?"

ஒருமுறை வரப்பில் நல்ல பாம்பு கிடந்தது. நான் உறைந்துவிட்டேன். டீச்சர் நேராக நடந்துகொண்டே இருந்தார். "டீச்சர், பாம்பு!" என்று நான் கத்திய பிறகே நின்றார். "அதுக்கும் நம்ம வயசு இருக்கும், போவட்டும் விடுங்க" என்று சிரித்தார். அன்றிலிருந்து வரப்பில் ஏறியதும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். "நீங்க வாய்க்கால்ல விழுந்து வச்சா உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" அந்தத் துணிச்சலைப் பற்றி உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் வைத்துக்கொள்வது அவருடைய விதியை. இருவர் சொல்லாத பெயரை நான் சொல்லமாட்டேன். அதனால்தான் இந்தப் பனிக்காலக் கணக்கெடுப்புக்கு அந்த வயலுக்கு நீங்கள் என்னைத் தனியே போகச் சொன்னபோது, என்னால் முடியாது என்றேன்.

இதுவரை எழுதியதை, பிழை இருக்குமோ என்ற பயத்தில், அருளிடம் படித்துக்காட்டினேன். பாம்பு வந்த இடத்தில் அவர் கையமர்த்தினார்.

"அம்மாவுக்கு அப்பவே ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிடுச்சு சார், நேரா எதிர்ல கிடக்குறது தெரியாது. வரப்புல கால் வைக்கவே நடுங்குவாங்க. 'சார்கிட்ட சொல்லிடாதடா, அப்புறம் என்னைக் கூட்டிட்டுப்போவ அவரு பயப்படுவாரு'ன்னாங்க."

நண்பர்களே, கணக்கெடுப்புக்கு வருகிறேன். காது நன்றாகக் கேட்கும் ஒருவரை என்னோடு அனுப்புங்கள். வரப்பில் அவர் சட்டைக் கையை நான் பிடித்துக்கொள்வேன். தவறாக நினைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

வரிசையில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.